எழுமலை பிளக்ஸில் என் படம்

மார்ச் 10, திங்கள்

தங்கப்பாண்டி சார் மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். விற்பனை மேலாளர் நாற்காலி காலி. சிம்மக்கல் ஆபீஸில் காலையிலிருந்து இதே பேச்சு. அப்பளக் கம்பெனிதான். ஆனாலும் நாற்காலி நாற்காலிதானே?

போட்டியில் இரண்டே பேர். நானும் ஆல்பினும். நான் பில் போடும் பெண்ணாக உள்ளே வந்து, ஆர்டர் எடுக்க வெளியூர் லைனுக்குப் போக அனுமதி வாங்கவே வருஷக்கணக்கில் சண்டை போட்டவள். அவன் முந்தாநேற்று வந்தவன். கடைக்காரரிடம் சிரித்துச் சிரித்தே ஆர்டர் வாங்கிவிடுவான். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலாளி எங்கள் இருவரையும் சேர்த்தே எழுமலைப் பக்கம் போகச் சொல்லிவிட்டார். அங்கே நம் சரக்கு படுத்துவிட்டது. "யாரு தூக்கி நிறுத்துறீகன்னு பாப்போம்" என்கிறார். பார்க்கட்டும்.

மார்ச் 14, வெள்ளி

எழுமலையில் பெரிய மளிகைக் கடை காசிமாயன் அண்ணனுடையது. ஆல்பின் அவரோடு உட்கார்ந்து டீ குடித்தான். நான் கல்யாணச் சமையலுக்குச் சாமான் எடுக்க வந்திருந்த ஒச்சம்மாள் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "ஒங்க அப்பளம் ருசி நல்லாத்தேன் இருக்கு. பொடிப் பொடிப் பாக்கெட்டா பிரிக்கிறதுக்குள்ள கை ஓஞ்சு போகுதுல்ல. பந்திக்கு எம்புட்டு வேணும்!" என்றார்.

விருந்துக்கென்றே ஒரு பெரிய கட்டு போட்டால்? திரும்பி வரும் வழியெல்லாம் இதே நினைப்பு. ஆல்பினிடம் வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் ஓட்டலில் "கறிக்கொழம்பு ஊத்தவா?" என்று கேட்டார்கள். "வேணாம்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம்; வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டோம். அவனும் கடைப்பிடிக்கிறவன் என்று இன்றுதான் தெரிந்தது. வெறும் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டு அதற்கும் சிரித்தான்.

காசிமாயன் அண்ணன் கடையைப் பெரிதாக்கித் திறப்பு விழா வைக்கிறாராம். நாங்கள் வர வேண்டுமாம். பிளக்ஸ் அடிக்கப் போட்டோ வேண்டுமாம். மறுத்தால் முகம் சுண்டிப்போவார். ஐ.டி. கார்டு படத்தை அனுப்பி வைத்தேன்.

மார்ச் 20, வியாழன்

மாதாவே!

எழுமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எதிரே பிளக்ஸ். இரண்டு புறா, நடுவில் மோதிரம், சுற்றிலும் ரோஜாப்பூ. ஒரு பக்கம் ஆல்பின், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. மறுபக்கம் நான், முறைத்தபடி. கீழே எழுதியிருப்பதென்னவோ சரிதான்: கடைத் திறப்பு விழாவுக்கு வருகை தரும் இவர்களை வரவேற்கிறோம். அதை எவர் படிக்கிறார்?

"கல்யாண மூர்த்த சீசன்ல? பிளக்ஸ்காரப் பய கையில இருந்த டிசைன்ல போட்டுட்டான். லட்சணமாத்தான இருக்கு தங்கச்சி?" என்கிறார் காசிமாயன் அண்ணன்.

வழியில் போன ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டு, கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டுப் போனார். ஆல்பின் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். தோள் குலுங்கியது. சிரிக்கிறானாம்!

மார்ச் 21, வெள்ளி

படம் எங்கள் வீடு இருக்கும் கோச்சடை வரைக்கும் வந்துவிட்டது. யாரோ பங்குக் கோவில் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். அப்பா கண்ணாடியை மாட்டி, பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தவக்காலத்துல எவம்மா கல்யாணம் வைப்பான்?"

மாப்பிள்ளை யாரென்று கேட்கவில்லை! முப்பத்தாறு வயதில் இவள் யாரைக் கட்டினாலும் சரி என்று ஆகிவிட்டது போல.

மார்ச் 24, திங்கள்

அந்தப் படம் முதலாளி கண்ணிலும் பட்டுவிட்டது போல, கூப்பிட்டார். இனிப்பை நீட்டினார். "நல்ல விசயம்மா ஆன்மேரி. கல்யாணத்துக்குப் பெறகு ஊரு ஊரா அலைய முடியுமா சொல்லு? மேனேஜர் வேலைய ஆல்பினுக்கே குடுத்துருவோம். பதவி ஒங்க வீட்டுக்குள்ளதான இருக்கப் போகுது" என்றார்.

இனிப்பை எடுக்காமல் வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்குள்ளதான இருக்கப் போகுதாம்! எந்த வீடு? யாரு வீடு? இம்புட்டு வருசம் வெயில்லயும் மழையிலயும் அலைஞ்சது நானு. ஒரு பயலும் ஆல்பினப் பாத்து, கல்யாணம் ஆனா எப்படிப்பா அலைவன்னு கேக்கலையே? அந்தப் புறாவ மட்டும் கையில கிடைச்சா...

அழுகை வந்தது. அழுதேன். அப்புறம் முகம் கழுவிவிட்டு இதை எழுதுகிறேன்.

மார்ச் 25, செவ்வாய்

கோடவுனில் வைத்து ஆல்பினை ஒரு பிடி பிடித்தேன். "எல்லாம் ஒங்க வேலையா? நீங்கதான் அந்த டிசைன் போடச் சொன்னீங்களா?"

"சத்தியமா இல்லைங்க மேடம். நான் சொல்லிருந்தா ஒங்க படத்த இன்னும் நல்லதா கேட்ருப்பேன்ல?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பை நிறுத்தினான். "முதலாளிகிட்ட நானே போய்ச் சொல்லவா?"

"வேணாம். என் சண்டைய நானே போட்டுக்கிறேன்."

போட்டேன். "கல்யாணமே இல்லைங்கய்யா. நாளைக்கே நடந்தாலும் அலைவேன். நீங்க கல்யாணம் முடிச்சுட்டுக் கடையச் சாத்திட்டீகளா?" என்று கேட்டுவிட்டேன். பெரிய கட்டு யோசனையையும் சொல்லி, சித்திரை முகூர்த்தம் முடியும்வரை தவணை கேட்டேன். முதலாளி இனிப்பு டப்பாவை மூடினார். "சரி, செஞ்சு காட்டு" என்றார்.

ஏப்ரல் 9, புதன்

பெரிய கட்டு போகிறது! ஒச்சம்மாள் அக்கா பக்கத்து ஊர்ச் சமையல்காரர்களிடமும் சொல்லியிருக்கிறார்.

ஒரு குழப்பம். ஆல்பினும் உசிலம்பட்டியில் என் கட்டைத்தான் விற்கிறானாம். எதற்கு என்று கேட்டேன். "ஓடுற சரக்க விக்காம இருக்க நான் என்ன லூசா மேடம்? ஆனா ஒங்கள ஜெயிக்கத்தான் பாக்குறேன், சொல்லிட்டேன்" என்றான். இப்படி நேராகச் சொல்லும் எதிரியை என்ன செய்வது?

ஏப்ரல் 20, ஞாயிறு

உயிர்ப்புப் பெருவிழா, ஈஸ்டர். பூசை முடிந்து வந்தால் ஆல்பினிடமிருந்து வாழ்த்து. அதற்குக் கீழே ஒரே வரி: "தவக்காலம் முடிஞ்சிருச்சு மேடம்."

இதற்கு என்ன பதில் போடுவது?

ஏப்ரல் 21, திங்கள்

பதில் போடவில்லை. ஆபீஸில் அவனும் கேட்கவில்லை. மூன்று முறை போனை எடுத்துப் பார்த்தேன். எனக்கென்ன கிறுக்கா?

மே 26, திங்கள்

கிடைத்துவிட்டது. விற்பனை மேலாளர், ஆன்மேரி லூர்துராஜ். சித்திரைக் கணக்கைப் பார்த்துவிட்டு முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார். தங்கப்பாண்டி சார் தன் நாற்காலியைத் தானே துடைத்துவிட்டு எழுந்தார்.

எல்லாரும் போன பிறகு ஆல்பின் வந்தான். "நெசத்தச் சொன்னா, காலையில எனக்குக் கடுப்பாத்தான் இருந்துச்சு. எனக்கும் ஆசை இருந்துச்சுல்ல?" என்றான். சிரிக்கவில்லை. இந்த முகம்தான் பிடித்திருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"அந்த மெசேஜுக்கு நான் பதில் போடல" என்றேன்.

"அவசரமில்லைங்க. காத்திருக்கேன்."

"காத்திருக்க வேணாம். ஆனா ஒண்ணு. ஆபீஸ்ல நான் சொல்றதுதான்."

"அது தெரிஞ்சுதான கேட்டேன் மேடம்."

"மொதல்ல இந்த மேடத்த விடுங்க."

ஆகஸ்ட் 25, திங்கள்

ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பில் எங்கள் பெயரை மூன்றாவது முறையும் வாசித்துவிட்டார்கள். எவரும் தடை சொல்லவில்லை. அப்பா முன் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்.

காசிமாயன் அண்ணன் போன் செய்தார். பழைய பிளக்ஸைப் போட்டுத்தான் சரக்கு நனையாமல் மூடி வைத்திருக்கிறாராம், கிழியவில்லையாம், அதையே கட்டிவிடவா என்றார். கட்டச் சொன்னேன். என் பெயருக்குக் கீழே 'மேலாளர்' என்று மட்டும் ஒட்டச் சொன்னேன், பெரிய எழுத்தில்.

ஆல்பினின் லீவு விண்ணப்பம் காலையில் என் மேசைக்கு வந்தது. காரணம்: திருமணம். பத்து நாள் கேட்டிருந்தான். ஆவணி முகூர்த்தம், கட்டு போய்க்கொண்டே இருக்கிற நேரம். ஆறு நாள் என்று திருத்திக் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கும் ஆறுதான்.