டாரிலுக்காக ஒரு பக்கம்

வையாலா
மார்ச் 3, 2022

அன்புள்ள அம்மா,

போன் பத்து நிமிஷத்தில் அறுந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். கம்பளிச் சட்டையை ஏன் திருப்பி அனுப்பினார்கள்? பொத்தான் வைத்தது ஆகாதாமா?

29ஆம் தேதி தண்டனை சொல்கிறார்கள். அதற்கு முன் செத்தவனின் குடும்பத்தார் கோர்ட்டில் ஒரு பக்கம் வாசிக்கலாமாம். செத்தவனுக்கு அக்காவும் நான், கொன்றவளுக்கு மகளும் நான். வக்கீல் பெட்ரோ சொல்கிறார்: "தம்பி பட்ட அவஸ்தையை எழுதுங்க. ஐம்பத்தொரு வருஷம் சக்கர நாற்காலி, நரகம், சாவுதான் விடுதலைன்னு வரணும். அம்மாவுக்கு எழுபத்தொன்பது. ஜட்ஜ் மனசு இளகினா அன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

எழுதிவிட்டேன். நகலை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பின்னறையில் உனக்குக் கட்டிலும் போட்டாகிவிட்டது. தயவுசெய்து பிடிவாதம் பிடிக்காதே. நீ அங்கேயே செத்துப்போனால் எனக்கு யாரும் இல்லை.

உன் லின்

பெண்கள் சிறை, அடிலெய்ட்
மார்ச் 11

லின் கண்ணு,

உன் பக்கம் வந்தது. இங்கே டீ என்பது கழுநீர். கூட இருப்பவளுக்கு இருபத்திரண்டு வயசு. "கிழவி, நீ என்ன பேங்க்கா கொள்ளையடிச்சே?" என்றாள். சொன்னேன். அன்றிலிருந்து மேல்கட்டிலில் அவள்தான் ஏறிப் படுக்கிறாள். என் இடுப்பு தப்பியது.

டாரிலுக்குக் காப்பகத்தில் ஓர் இடம் கேட்டுப் பதினோரு வருஷம் மனுப் போட்டேன். "லிஸ்ட்ல இருக்கீங்கம்மா" என்பார்கள். என்னை வைக்க ஒரு கட்டில் தேட இந்த அரசாங்கத்துக்கு ஒரே நாள் போதுமாயிருந்தது.

நீ எழுதியது பொய். அவன் அவஸ்தைப்படவில்லை. இரும்புத்தாது ரயில் போனால் கையைத் தூக்குவான். கடைசிப் பெட்டி மறையும்வரை இறக்கமாட்டான். அன்றைக்கும் தூக்கினான். மாத்திரை கரைத்த கஸ்டர்டைத் தின்றுவிட்டு "இன்னும்" என்றான். எனக்கென்று வைத்திருந்ததிலிருந்து ஊட்டினேன். அதனால்தான் நான் பிழைத்துத் தொலைத்தேன் போல. முடியாமல் போனது எனக்கு, அவனுக்கு அல்ல. என்னை வெளியே எடுப்பதற்காக அவனைக் குப்பையில் போடாதே.

அப்புறம், "அம்மா யாரிடமும் உதவி கேட்டதில்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதை வெட்டிவிடு. வேறொன்றும் சொல்லமாட்டேன்.

அம்மா

வையாலா
ஏப்ரல் 2

அம்மா,

பையில் பழையதும் புதியதுமாக இரண்டு பக்கம் இருந்தது. எதை வாசிக்கப்போகிறேன் என்று உன்னைக் கூண்டில் பார்க்கும்வரை எனக்கே தெரியாது.

"என் தம்பி சந்தோஷமாக இருந்தான். இடுப்பு ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும், ஆறு வாரம் அவனைப் பார்த்துக்கொள் என்று அம்மா என்னைக் கேட்டாள். சமையலறையைப் புதுப்பிக்கிறோம், இப்போது முடியாது என்றேன். ஒன்பதாம் நாள் அவன் செத்தான்." நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய்.

ஜட்ஜும் கேட்டார். வாழ ஆசைப்பட்ட உயிர் என்றார். ஏழு வருஷம். நாலு முடிந்த பிறகுதான் வெளியே விடுவது பற்றிப் பேச்சே. உனக்கு எண்பத்துமூன்று ஆகியிருக்கும். படிக்கட்டில் பெட்ரோ, "நல்லா பண்ணீங்க மேடம்" என்றுவிட்டு முகம் பார்க்காமல் போனார். லிஸ்ட் வைத்திருந்தவர்கள் யாரையும் எந்தக் கூண்டிலும் ஏற்றவில்லை. என்னையும்தான். புது அடுப்பை இன்னும் பற்றவைக்கவில்லை.

உன்னைக் கூட்டிப்போகும்போது கையைத் தூக்கினாய். கதவு மூடும்வரை இறக்கவில்லை. அது எனக்கா? எழுது அம்மா. திட்டியாவது எழுது.

லின்

அடிலெய்ட்
மே 20

லின்,

எழுதத் தாமதமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். இடுப்பு ஆபரேஷன் ஆகிவிட்டது. கைதி என்றால் சீக்கிரம் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது. காலைக் கட்டிலோடு சேர்த்து விலங்கு போட்டிருக்கிறார்கள். "ஓடிருவேன்னு பயமா?" என்று காவலுக்கு இருந்தவளிடம் கேட்டேன். "ரூல்ஸ், மெர்ல்" என்று பேர் சொல்லிப் பதில் சொன்னாள் பாவம்.

ஆறு வாரம் படுக்கை. இரண்டு பெண்கள் வந்து என்னைத் தூக்கி ஒருக்களித்துப் படுக்கவைக்கிறார்கள். தலையை முதலில் தூக்குகிறார்கள், அது தப்பு. தோளுக்கடியில் கை கொடுங்க, டாரிலுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்றேன். "யாரு டாரில்?" என்றார்கள். தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கை உனக்குத்தான். ஆனாலும் இந்த ஆறு வாரம் வராதே. அன்று கேட்ட ஆறு வாரத்தை நீ கொடுக்கவில்லை; நானாக எடுத்துக்கொள்கிறேன்.

ஏழாவது வாரம் வா. கம்பளிச் சட்டையில் பொத்தானை வெட்டிவிட்டுக் கொண்டுவா.

அம்மா