ஒரு பக்கக் கன்னம்

என் மதினி குருவம்மாவுக்கு,

முகம் கழுவிட்டயா? யாரைக் கண்டாலும் நீ முதலில் கேட்பது அதுதான். இன்று நான் உன்னைக் கேட்கிறேன். கேட்டுவிட்டு, பதில் வந்துவிடுமோ என்று கொஞ்சம் பயந்துகொண்டும் இருக்கிறேன்.

வயதில் நீ எனக்கு இளையவள். முறைக்கு என் அண்ணன் பெண்டாட்டி. நம் பக்கத்து வழக்கப்படி நான் உன்னை மதினி என்பேன், நீயும் என்னை மதினி என்பாய். ஒருத்தி கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம் என்று அண்ணன் கேலி செய்வார். இப்போது அந்த வீட்டில் மதினி என்று யாரும் கூப்பிடுவதில்லை.

ஊர்ச் சேதி சொல்கிறேன். மலையெல்லாம் கேரளம் என்று ஆகிவிட்டது. போடிமெட்டில் ஜீப்பை நிறுத்தி மூட்டையைக் குத்திப் பார்க்கிறார்கள். போடிக் கடைத்தெருவில் மூன்று கடைகளில் முகத்துக்குப் பூசும் ஸ்நோ டப்பா வந்திருக்கிறது. டப்பாவின் மூடியில் ஒரு பெண், இருபது வயதுகூட இருக்காது. நீ பார்த்தால் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "இவளுக்கு எதுக்கு மதினி டப்பா? பச்சத் தண்ணி போதும். அம்பது தாண்டினவளுக்கு ஒருத்தனும் ஒண்ணும் செய்யமாட்டேங்கிறானே."

அதனால்தானே நீயே செய்தாய். தேங்காயெண்ணெயில் ஆவாரம்பூவும் வெட்டிவேரும் போட்டு, மொட்டைமாடி வெயிலில் ஜாடியை வைத்து, காக்கை கொத்தாமல் காவல் இருப்பாய். வயதான பெண்கள் வந்தால் முதலில் சோப்பைப் பிடுங்கி வைத்துவிடுவாய். "அம்பதுக்கு மேல தோலு வெங்காயச் சருகு மாதிரிடி. தேய்க்காத, ஒத்து." பாசிப்பயற்று மாவு போதும் என்பாய். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும் என்பாய். ஈரம் காய்வதற்குள் எண்ணெயைத் தொட்டுவிட வேண்டும் என்பாய். முகத்தோடு நிறுத்தாமல் கழுத்துக்கும் புறங்கைக்கும் சேர்த்துத் தடவச் சொல்வாய். "கீழ்ப்பக்கமா இழுக்காத. வயசே அந்தப் பக்கந்தான் இழுக்குது. நீ மேல தூக்கு."

என் வீட்டுக்காரர் போன பிறகு நான் எதையும் தொடவில்லை. மஞ்சள் கூடாது, பூ கூடாது என்றார்கள். முகத்துக்கு எண்ணெய் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் சேர்த்துக்கொண்டேன். உதடு வெடித்து, கன்னத்தில் செதில் செதிலாக உரிந்தது. நீ ஜாடியோடு வந்து நின்றாய். வேண்டாம் என்றேன்.

"எண்ணெய்க்குத் தாலி எதுக்கு மதினி?" என்றாய்.

அப்போதும் நான் விடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ வற்புறுத்தவில்லை. ஜாடியை மட்டும் அடுக்களையில் வைத்துவிட்டுப் போனாய்.

ஏலக்காய் எடுப்புக் காலத்தில் நீ மலைக்குப் போய்விடுவாய். மெட்டுக்கு அந்தப் பக்கம் நம் ஏலத்தோட்டம். காய் உலர்த்தும் ஸ்டோரில் ஓர் அறையில் நீயும் அண்ணனும் தங்குவீர்கள். காலையில் தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் கூலிப் பெண்கள் வேலைக்கு இறங்குமுன், வயதில் மூத்தவர்களை வரிசையாக உட்கார வைப்பாய். குளிர்காற்றும் ஸ்டோர்ப் புகையும் தின்ற முகங்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு பக்கக் கன்னம்தான் தடவுவாய். "மறு பக்கம் நீயே தடவு. அப்பத்தான் கை பழகும்" என்பாய். இது மலையில் எல்லாருக்கும் தெரியும்.

அப்படிப் போயிருந்த ஓர் ஐப்பசி மழையில்தான் உனக்குக் காய்ச்சல் கண்டது. மெட்டுப் பாதையில் மண் சரிந்து ஜீப்பு போகவர வழியில்லை. நீ ஸ்டோரிலேயே போய்விட்டாய். கீழே கொண்டுவர முடியாமல் மேல்சரிவில் நாவல் மரத்தடியில் அடக்கம் செய்துவிட்டார்கள். எனக்குச் சேதி வந்ததே அதற்குப் பிறகுதான். போனவர்கள் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்துக் குளிப்பாட்ட வேண்டும். அதைச் செய்யவேண்டிய நான் போடியில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொட்டுகிற மழையில் யாருக்கும் அது நினைவு வரவில்லை. உன் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவும் இல்லை.

அடுத்த காய் எடுப்பு தொடங்கிய கொஞ்ச நாளில் மூக்கம்மா கீழே இறங்கி வந்தாள். உனக்குப் பிடித்த மூக்கம்மாதான், லயத்திலேயே மூத்தவள். வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள்.

"ஆத்தா, மேல்சரிவுக்கு இனிமே நாங்க போகமாட்டோம்."

"ஏன்டி?"

"பனிமூடம் எறங்குதுல்ல, அப்ப வருது. குனிஞ்சு காயெடுத்துட்டு இருப்போம். ஒரு சத்தமும் இருக்காது, பறவை கூடக் கத்தாது. பின்னால இருந்து ஒரு கை வந்து தாடையத் தொடும். கை சில்லுன்னு இருக்கும். எண்ணெ மட்டும் சூடா இருக்கும் ஆத்தா."

முந்தானையை எடுத்தாள். மதினி, நான் என் கண்ணால் பார்த்தேன். அவள் முகத்தில் இடது பக்கம் வழவழவென்று இருந்தது. சுருக்கம் இருந்தது, ஆனால் அந்த வெடிப்பும் கறுப்பும் இல்லை. வலது பக்கம் பழைய மூக்கம்மா, காய்ந்த மரப்பட்டை. ஒரே முகத்தில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து என்னைப் பார்ப்பது போல இருந்தது. வெட்டிவேர் வாசம் வாசல்வரை வந்தது.

"யாருன்னு தெரியுதா?" என்று கேட்டேன்.

"நம்ம மொதலாளியம்மான்னு தெரியாம இருக்குமா? தெரிஞ்சா மட்டும் பயம் போயிருமா ஆத்தா?"

மறுநாளே ஜீப்பில் ஏறினேன். வழியெல்லாம் வளைவுக்கு வளைவு மூடம் ஏறிக்கொண்டே வந்தது. மடியில் உன் ஜாடியிலிருந்து ஊற்றிய ஒரு குப்பி எண்ணெய். எதற்கு எடுத்தேன் என்று கேட்டால் அப்போது எனக்குச் சொல்லத் தெரியாது.

ஸ்டோரில் அண்ணன் ஆளே மாறிப்போயிருந்தார். சவரம் செய்யவில்லை.

"மலையாளத்துல இருந்து மந்திரவாதி ஒருத்தரு வர்றாரு பேச்சி. நாவ மரத்துல ஆணி அடிச்சுக் கட்டிருவாரு. காயெல்லாம் செடித் தூர்லயே பழுத்து வெடிக்குது. பொம்பளைக சோலிக்கு எறங்க மாட்டேங்கிறாக. நான் என்ன செய்ய?"

"கட்டுறது யாரைன்னு யோசிச்சியாண்ணே?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. உலர்களத்துச் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "எல்லாரையும் தொடுறா. என்னையத் தொடல. அப்படின்னா அது அவ இல்லதானே?"

நாளைக் காலை வரை பொறுக்கச் சொன்னேன்.

காலையில் லயத்துக்குப் போனேன். வேலைக்கு இறங்காமல் வாசல்களில் உட்கார்ந்திருந்தார்கள். பாதி முகம் மினுங்க, பாதி முகம் வறண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் தலை குனிந்திருந்தார்கள். இளம்பெண்கள் ஒருத்தியின் முகத்திலும் அது இல்லை என்பதையும் கவனித்தேன். நீ ஆள் பார்த்துத்தான் வந்திருக்கிறாய்.

மூக்கம்மா என்னோடு பாதி தூரம் வந்தாள். பிறகு நின்றுவிட்டாள். நான் தனியாக மேல்சரிவு ஏறினேன். என் தலைக்கு மேலே ஏலத்தோகைகள் சொட்டிக்கொண்டிருந்தன. நாவல் மரத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு தூரின் முன் குனிந்து உட்கார்ந்து, காய் எடுப்பவள் போல விரல்களை விட்டேன். மூடம் இறங்கியது. முதலில் மரம் போனது, பிறகு பக்கத்துத் தூர், பிறகு என் கையே தெரியவில்லை. சொட்டுகிற சத்தமும் நின்றது.

நீ வந்தாய்.

தாடையில் ஆரம்பித்துக் காதுவரை, மேல்நோக்கி. மூக்கம்மா சொன்னது சரி. கை குளிர், எண்ணெய் சூடு. உன்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே நான், அன்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. நீ கண்ணீரையும் சேர்த்தே தடவினாய்.

"மதினி" என்றேன்.

கை நின்றது. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன், உன்னைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. என் கையை நீ இழுத்துப்போய் எதன்மேலோ வைத்தாய்.

முகம். உன் முகம். காதோரத்து மருவை என் விரல் கண்டுபிடித்தது. ஆனால் அந்தத் தோல்! உலர்த்தி எடுத்த காய்த்தோல் போலச் சொரசொரவென்று, விரல் பட்ட இடமெல்லாம் பொடிந்துவிடும் போல இருந்தது. ஊர்ப்பட்ட பெண்களின் முகத்தையெல்லாம் தடவிய உனக்கு, போகும்போது ஒரு சொட்டு எண்ணெய் வைக்க ஆள் இல்லாமல் போய்விட்டது. அதைச் சொல்லத்தான் இத்தனை பேரைத் தொட்டுப் பார்த்தாயா? யாராவது ஒருத்தி பதிலுக்குக் கை நீட்டுவாள் என்று காத்திருந்தாயா?

இடுப்பிலிருந்த குப்பியைத் திறந்தேன். உள்ளங்கையில் ஊற்றினேன். தலையில் முதலில் வைத்தேன், அது என் முறை. பிறகு முகம். தேய்க்கவில்லை, ஒத்தினேன். உன் தோல் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருந்தது. மெதுவாக, மிக மெதுவாக, என் விரலடியில் அது இளகியது. பயம் எப்போது போனது என்று தெரியவில்லை. ஒரு பக்கம் முடித்ததும் கையை எடுத்துக்கொண்டேன். உன் சட்டம் அதுதானே.

கண்ணைத் திறந்தபோது தோகைகள் சொட்டிக்கொண்டிருந்தன. எங்கோ ஒரு குருவி கத்தியது. நான் ஊற்றியது ஓர் உள்ளங்கை எண்ணெய். குப்பியில் ஒரு சொட்டுகூட இல்லை. மறு பக்கம் நீயே தடவிக்கொண்டாயா மதினி?

லயத்துக்கு இறங்கி வந்து பெண்களிடம் ஒன்றுதான் சொன்னேன். "அவ ஒரு பக்கம் செஞ்சிட்டுப் போயிருக்கா. மறு பக்கம் யாரு செய்யணும்னு ஒங்களுக்குத் தெரியாதா?" ஸ்டோரில் நீ விட்டுப்போன எண்ணெயைக் கொண்டாரச் சொன்னேன். மூக்கம்மாதான் முதலில் விரலை விட்டாள். வலது கன்னத்தில், மேல்நோக்கி. அவளைப் பார்த்து மற்றவர்கள். அன்று மத்தியானமே மேல்சரிவில் காய் எடுத்தார்கள். பிறகு யாரையும் யாரும் தொடவில்லை. மலையாளத்து ஆள் ஆணிகளோடு வந்து சேர்ந்தபோது, அண்ணன் வாசலிலேயே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

நான் இப்போது தினமும் முகத்துக்கு எண்ணெய் வைக்கிறேன். தெருவில் பேசுகிறார்கள். பேசட்டும். மார்கழிப் பனியில்கூட உதடு வெடிக்கவில்லை.

இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

நான் கீழே இறங்குவதற்கு முந்தின சாயங்காலம், ஸ்டோர்ச் சுவரின் சூட்டில் முதுகைச் சாய்த்து அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"மூஞ்சி எப்படி இருந்துச்சு பேச்சி?"

"மொதல்ல காஞ்சுபோயி இருந்துச்சு. பெறகு நல்லா ஆயிருச்சுண்ணே."

"என்னையத் தொடலன்னு சொன்னேன்ல. பொய்யி. மொதல்ல எங்கிட்டதான் வந்தா. தெனமும் காலைல, இதே எடத்துல. வெட்டிவேரு வாசம் வரும், பக்கத்துல வந்து உக்காருவா. தொடப்போற நேரத்துல நான் எந்திரிச்சு ஓடிருவேன். முப்பது வருசம் கூட இருந்தவ பேச்சி. அவளக் கண்டு ஓடுனேன். அதுக்கப்புறந்தான் அவ மேல்சரிவுல மத்தவுகளத் தேடிப் போனா."

நான் அவரைத் திட்டவில்லை. நீயும் திட்டாதே. மழையில் உனக்குக் குழி வெட்டியவர் அவர். பயந்துதான் போயிருந்தார்.

அடுத்த காய் எடுப்புக்கு அவரோடு நானும் மலைக்கு வருவேன். காலையில் மூடம் இறங்குகிற நேரத்துக்கு அதே சுவரோரம் அவரை உட்கார வைப்பேன். எழுந்து ஓடாதபடி அவர் மணிக்கட்டை நான் பிடித்துக்கொள்வேன். நீ இனி வருவாயா, மாட்டாயா, எனக்குத் தெரியாது. கன்னத்தைக் காட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். அதற்கு நான் பொறுப்பு.

உன் வீட்டுக்காரருக்குத் தங்கை,
உனக்கு என்றும் மதினி,
பேச்சியம்மா