முன்பக்கம் வேறு வண்டியுடையது

மே 4, ஞாயிறு
மணிக்கட்டு இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. நேற்று பைக்கில் போன ஒரு ஓட்டத்துக்கே இந்தக் கதி. நெடுந்தூரம் போவதற்கென்று செய்த வேக வண்டியாம். ஏறி உட்கார்ந்தால் டேங்க் மேல் குப்புறப் படுக்க வேண்டியிருக்கிறது. எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க நோயாளிகளைப் புரட்டிப் போடுகிற கை, எத்தனை தாங்கும்?

உயரமான ஹேண்டில்பார் மட்டும் போதும் என்றேன். தம்பி கேட்டால்தானே. "ஹேண்டில்பார் ஒரு வண்டியிலேர்ந்து, சீட்டு இன்னொண்ணுலேர்ந்து, முன்பக்கம் மொத்தமும் ரேஸ் வண்டியிலேர்ந்து. பிரேக் புடிச்சா சொவத்துல மோதின மாதிரி நிக்கும்கா. எங்கிட்ட விடு." சொந்தமாக பைக் பட்டறை வைத்திருப்பவன். விட்டேன்.

மே 10, சனி
பழைய இரும்புக் கடைக்குப் போனோம். இன்னும் குளித்துத் தீரவில்லை.

விபத்தில் நொறுங்கிய வண்டிகளின் குவியல். ஆயிலும் துருவும் மழைத்தண்ணீரும் ஊறிப்போன சேறு. தம்பிக்கோ திருவிழாவில் விட்ட மாதிரி முகம். சிவப்பு ரேஸ் வண்டி ஒன்றின் முன்பக்கத்தைத் தேர்ந்தெடுத்தான் - சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க், சக்கரம், பிரேக் எல்லாம் சேர்த்து. சக்கரத்தின் அச்சில் என்னமோ சுற்றியிருந்தது. குனிந்து பார்த்தேன். மஞ்சள் துணியின் நார். அதோடு முறுக்கிக்கொண்டு நீளமான தலைமுடி.

அவன் குறடால் இழுத்துத் தரையில் எறிந்தான். "கழுவுனா போச்சு."

அந்த முடிக்குரியவளுக்கு என்ன ஆயிற்று என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 17, சனி
மாட்டிவிட்டான். நீல உடம்பு, சிவப்பு மூக்கு, எந்த வண்டியுடையதோ பழுப்பு சீட்டு. மூன்று பிணத்தை ஒட்டுப்போட்டு நிற்க வைத்த மாதிரி இருக்கிறது. அவனுடைய நண்பர்கள் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். டீ குடித்த கையோடு டேங்கைத் தடவினார்கள். ஒருத்தன் என் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டே மூக்கைத் துடைத்தான். "அக்காவுக்கு இவ்ளோ பெரிய வண்டி எதுக்கு?" என்று இன்னொருத்தன். தம்பி சிரித்தான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மே 18, ஞாயிறு
ஓட்டினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது: அருமை. கை வலிக்கவில்லை. பிரேக் தொட்டதும் நிற்கிறது. அந்த முடியை நினைத்துக்கொண்டேதான் ஓட்டினேன், இருந்தும் திரும்ப மனம் வரவில்லை. என்ன ஜென்மம் நான்!

மே 20, செவ்வாய்
நான் வேலைக்குப் போயிருந்தபோது தம்பி என் வண்டியில் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறான். அம்மாவுக்கு ஒரே பெருமை. "ராணி மாதிரி ஒக்காந்துட்டு வந்தேன்டீ."

மே 25, ஞாயிறு
பிரேக் பிடிக்கும்போது கீழேயிருந்து 'டக்'கென்று ஒரு சத்தம். இரண்டு நாளாக. "புது சாமான், செட்டாகணும்ல" என்கிறான்.

மே 27, செவ்வாய்


சாயங்காலம் அந்தச் சத்தத்தைத் தேடி, முன்பக்கம் கீழே பெயின்ட் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தேன். ஃபோர்க்கின் இரண்டு குழாய்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கிளாம்ப். கறுப்புப் பெயின்ட் துணியோடு வந்துவிட்டது. உள்ளே சாம்பல் நிறத்தில் பட்டி. சுவர் ஓட்டையை அடைக்கிற மாதிரி பட்டி வைத்துத் தேய்த்திருக்கிறது! சுரண்டினேன். விரிசல். விரல் நீளம். நகம் போய் மாட்டுகிறது.

அது விட்டுப்போனால் சக்கரம் தனி, நான் தனி. தினமும் அப்படி வருகிறவர்களைத்தானே எக்ஸ்ரே எடுக்கிறேன்.

அந்த இரும்புக் கடைக்காரன் கையில் கிடைக்கட்டும். பட்டி வைத்து விற்பானா, சீ!

மே 28, புதன்
போனேன். கத்தினேன். அவர் கோபப்படவில்லை.

"நான் ஏம்மா மறைக்கிறேன்? இதுல விரிசல் இருக்கு, இது ஆகாதுன்னு, நீங்க தள்ளி நின்னப்போ உங்க தம்பிகிட்ட தொட்டே காட்டினேன். பழைய கிளாம்ப்புல இந்தக் குழாய் நுழையாது, பருமன் வேறன்னான். அப்போ வேற தேடு, அவசரப்படாதன்னேன். சரின்னுதானே போனான்?"

திரும்பி வரும் வழியில் ஒரு மரத்தடியில் நின்று வாந்தி எடுத்தேன்.

அதே நாள், இன்னும் கொஞ்சம்
தம்பியிடம் கேட்டுவிட்டேன். பட்டறையில், எல்லார் எதிரிலும்.

"வேற கிடைக்கலக்கா. பசங்க எல்லாம் பாக்க வரேன்னுட்டாங்க. முடியலன்னு எப்படிச் சொல்றது?"

"அதுக்குப் பட்டி வெச்சு என்னை ஏத்தி விடுவியா?"

"நான் ஓட்டிப் பாத்தேன்ல. நின்னுச்சுல்ல."

"அம்மாவை ஏத்திட்டுப் போனியேடா!"

தலையைக் குனிந்துகொண்டான். "மெதுவாதான் போனேன்."

மெதுவாதான் போனானாம். அப்போ தெரியும். தெரிஞ்சேதான் அம்மாவ பின்னாடி உக்கார வெச்சிருக்கான். அம்மா ராணி மாதிரி வந்தாளாம். தூ.

மே 29, வியாழன்
அம்மாவிடம் சொன்னேன். பயப்படுவாள் என்று நினைத்தேன். "இத வெளியில சொல்லிடாத. அப்புறம் பட்டறைக்கு எவன் வருவான்?" என்கிறாள். விழுந்து செத்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாளோ? இந்த வீட்டில் எல்லாவற்றுக்குமே பட்டி வைத்துத்தான் பெயின்ட் அடித்திருக்கிறது.

ஜூன் 1, ஞாயிறு
வேறொரு மெக்கானிக்கின் கொட்டகையில் முன்பக்கம் முழுவதையும் கழற்றினோம். என் வண்டியின் பழைய ஃபோர்க்கும் கிளாம்ப்பும் சக்கரமும் திரும்ப ஏறின. ஹேண்டில்பாரும் சீட்டும் மட்டும் இருக்கட்டும். அவற்றை நானே திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பழுதில்லை.

சிவப்பு ஃபோர்க்கை இரும்புக் கடையிலேயே கொடுத்துவிட்டேன். கிளாம்ப்பைக் கொடுக்கவில்லை. கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக், "போதும்மா, அது செத்து ரொம்ப நேரமாச்சு" என்றார். இனி யாரும் எதிலும் மாட்ட முடியாதபடி ஆகும்வரை அடித்தேன்.

ஜூன் 9, திங்கள்
தம்பி சாப்பிட வந்தான். அவன் தொட்ட கரண்டியை நான் தொடவில்லை.

ஜூன் 14, சனி
பட்டறை மூன்று நாளாகப் பூட்டியிருக்கிறதாம். அன்றைக்கு நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கிறது. அம்மா என்னோடு பேசுவதில்லை. நல்லது.

ஜூன் 22, ஞாயிறு
விடியற்காலையில் கிளம்பினேன். நீண்ட பயணம், தனியாக. பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது தம்பி வந்து வாசலில் நின்றான். வெள்ளைச் சட்டை. கையில் ஒரு டார்ச்.

"பாக்கட்டுமா?" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏனோ வரவில்லை. நகர்ந்து நின்றேன். அந்தச் சட்டையோடு தெரு மண்ணில் மல்லாந்து படுத்து முன்பக்கத்துக்குக் கீழே தலையை விட்டான். கிளாம்ப்பின் ஓரமெல்லாம் நகத்தால் மெல்லத் தடவினான். ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டான். அவன் கை வண்டியில் படுவதே எனக்குக் கூசியது. வெகுநேரம் ஆனது.

"சரியா இருக்குக்கா."

"தெரியும்" என்றேன்.

ஆனால் அவன் சொல்லும்வரை நான் சாவியைத் திருப்பவில்லை.