வெள்ளிக்கிழமை மட்டும் சரியாகக் காட்டும் வாட்ச்

வெள்ளிக்கிழமைக்காரரான என் மாமாவுக்கு,

இன்றைக்குக் காலையில் உங்கள் வாட்சுக்குப் புது பாட்டரி போட்டேன். வாரத் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. உடனே போட்டிருக்கலாம், போடவில்லை. வெள்ளி வரட்டும் என்று காத்திருந்தேன். காரணம் உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் போய் ஒரு தை கழிந்துவிட்டது, மாமா. உங்கள் மகன் துபாய் போதும் என்று ஊரோடு வந்துவிட்டார். வீட்டில் சொந்தமாக போன் வந்துவிட்டது, பச்சை நிறம். அது அடித்தால் நான் இன்னும் வாசலைத்தான் பார்க்கிறேன், காதர் அண்ணன் தன் கடைக்குப் போன் வந்திருக்கிறது என்று கூப்பிடுகிறாரோ என்று. எத்தனை வருஷப் பழக்கம், சட்டென்று போகுமா?

உங்களுக்கு ஒரு சேதி வைத்திருக்கிறேன். கடைசியில் சொல்கிறேன், செத்த நேரம் பொறுங்கள். பட்டாளத்தில் இருந்தவர்களுக்குப் பொறுமை அதிகம் என்பார்கள். உங்களிடம் அதை நான் பார்த்ததே இல்லை.

கல்யாணமான கொஞ்ச மாதத்திலேயே உங்கள் மகன் விமானம் ஏறிவிட்டார். ராஜபாளையத்து வீட்டில் நீங்களும் நானும்தான். அத்தை என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். மாமனாரும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சோறு போட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்போதுதான் லீவில் வந்த கான்சாபுரத்துக்காரர் ஒருவர் கையில் அந்த வாட்சைக் கொடுத்து அனுப்பியிருந்தார் உங்கள் மகன். தங்க நிறம். மேலே கிழமைக்கு ஒரு ஜன்னல், பக்கத்தில் தேதிக்கு ஒரு ஜன்னல், நடுவில் உலகத்துக்கே தெரிந்த ஒரு சுவிஸ் கம்பெனியின் பெயர்.

"ஒரிஜினல் தாயி. இந்த ஊர்லயே எவன்ட்டயும் கிடையாது" என்றீர்கள். அதுதான் நீங்கள் என்னிடம் முதன்முதலாகச் சிரித்துக்கொண்டே பேசியது. மார்கழிக் குளிரிலும் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு பஜாரைச் சுற்றி வந்தீர்கள். மணி கேட்காதவர்களுக்கும் மணி சொன்னீர்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த ஆட்டம் நின்றது. மடவார் வளாகத்தில் இருக்கிற என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பட்டை தளர்ந்திருக்கிறது என்று ஒரு வாட்ச் கடையில் கொடுத்தீர்கள். கடைக்காரர் பின்மூடியைத் திறந்து பார்த்தார். பார்த்ததோடு விட்டிருக்கக் கூடாதா?

"பெரியவரே, உள்ள பூராம் வேற. இது டூப்ளிகேட்டு. பேரு மட்டுந்தான் அந்தக் கம்பெனி."

நின்றவர்கள் சிரித்தார்கள், நம் ஊர்க்காரர்களும் அதில் இருந்தார்கள். நீங்கள் வாட்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டீர்கள். பஸ்ஸில் ஊர் நெருங்கும்போதுதான் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னீர்கள்.

"அவனுக்குத் தெரியக் கூடாது, தாயி."

"யாருக்கு மாமா?"

"எம் பயலுக்குத்தான். மிச்சம் பிடிச்சு மிச்சம் பிடிச்சு வாங்கியிருப்பான். ஏமாந்துட்டோம்னு தெரிஞ்சா, அங்ஙன தனியாக் கெடந்து என்ன பாடுபடுவானோ."

உங்களைக் கடையே பார்த்துச் சிரித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த நிமிஷத்திலிருந்துதான் உங்களை எனக்குப் பிடித்துப்போனது, மாமா. நேரில் சொல்லத் தோன்றியதே இல்லை.

வாட்ச் பீரோவுக்குள் போய்விட்டது. பொய்ப் பெயரைக் கையில் கட்டிக்கொண்டு திரிய உங்களால் முடியவில்லை. ஆனால் ஆடிப்பூரத் தேருக்கு உங்கள் மகன் லீவில் வருவதாக இருந்தது. வெறுங்கையைப் பார்த்தால் கேட்பார். கட்டியிருந்தால், தெருவில் எவனாவது டூப்ளிகேட் கதையை அவர் காதிலேயே ஓதுவான். என்ன செய்வீர்கள்?

அப்போது நான் பொழுது போகாமல் ஒரு கோட்டி வேலை, கிறுக்கு வேலைதான், பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடாமல் கிடந்த என்னுடைய வாட்சைப் பிரித்து மாட்டுவது. காதர் அண்ணனின் ஹார்டுவேர் கடையில் வாங்கிய குட்டி ஸ்குரூ டிரைவரும், புருவம் திருத்துகிற இடுக்கியும்தான் என் சாமான்கள். பிரிக்கத் தெரியும், மாட்ட வராது. அடுத்த வீட்டு அக்கா ஒருநாள், "ஒங்க மருமக என்ன, ஆம்பள வேல பாக்கா?" என்று கேட்டார். நீங்கள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அவ பூவும் கட்டுவா, வாட்சும் பிரிப்பா. ஒனக்கு எது வேணும், சொல்லு" என்றீர்கள்.

அன்று சாயங்காலமே டூப்ளிகேட் வாட்சைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தீர்கள்.

"பேர அழிச்சிரு தாயி. பேருதான பொய்? மத்ததெல்லாம் ஓடுதுல்லா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா. கெடுத்துருவேன்."

"கெடு. கெட்டாலும் எம் மருமக கெடுத்ததுன்னு கட்டிக்கிடுதேன்."

இதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னை எத்தனையோ விதமாகப் பாராட்டியிருக்கிறார்கள். அந்த "கெடு" போல எதுவும் என்னை நிமிர்த்தி உட்கார வைத்ததில்லை.

உங்கள் பட்டாளத்து வெள்ளைத் துண்டை விரித்தோம், விழுந்த திருகாணி கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. ஃபேனை நிறுத்தினீர்கள். மூச்சையும் நிறுத்தினீர்கள் என்று நினைக்கிறேன், முகம் அப்படிச் சிவந்திருந்தது. முட்களை ஊசியால் நெம்பி எடுத்தேன். முகப்புத் தகட்டைக் கழற்றி, பெயிண்ட் கரைக்கிற தின்னரால் துடைத்தேன், சுவிஸ் பெயர் பஞ்சோடு வந்துவிட்டது. அதன் மேல் சந்தன நிற பெயிண்ட் அடித்தேன். "மாமா, ஒங்க பேரு எழுதட்டா?" என்று கேட்டதற்கு, "வேண்டாம், எந்தப் பேரும் வேண்டாம், கொஞ்ச நாளைக்கு அது சும்மா இருக்கட்டும்" என்றீர்கள்.

அதோடு விட்டேனா? தகட்டுக்கு அடியில் கிழமைச் சக்கரம் தெரிந்தது. வட்டமாக இங்கிலீஷில் ஏழு கிழமை. கை துறுதுறுத்தது. தமிழில் இருந்தால் எம்புட்டு நன்றாக இருக்கும் என்று அதையும் தின்னரால் துடைத்துவிட்டு, நாலு முடி மட்டும் விட்டு நறுக்கிய பிரஷ்ஷால் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று எழுதினேன். எப்படி? வலமாக. கோயிலைச் சுற்றினாலும் ஆரத்தி எடுத்தாலும் வலமாகவே சுற்றிப் பழகிய கை. இடமாகச் சுற்றினால் அம்மாவிடம் அடி வாங்கி வளர்ந்தவள் நான். வேறெப்படி எழுதுவேன்?

சக்கரமும் வலமாகத்தான் சுற்றும், அதனால் எழுத்தை இடமாகத்தான் எழுத வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒரு செவ்வாய்க்கிழமை வாட்சை மூடி உங்கள் கையில் கட்டிவிட்டேன். மறுநாள் விடிந்ததும் அடுப்படி வாசலில் வந்து நின்றீர்கள்.

"தாயி, நேத்து செவ்வாதான?"

"ஆமா மாமா."

"இன்னைக்குத் திங்கள்னு காட்டுது. நாளைக்கு ஞாயித்துக்கெழமயாக்கும், லீவுதான்!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அழாத ஏட்டி. இப்படியே பின்னால போனா உங்க அத்தை உயிரோட இருந்த வருசத்துக்கே போயிரலாம்லா" என்றீர்கள். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனீர்கள். அப்போது நீங்களும் அழுதீர்களா, மாமா? பார்க்கக் கூடாது என்று நான் அடுப்பைப் பார்த்தேன்.

மறுபடி பிரித்து எழுதுகிறேன் என்று கெஞ்சினேன். மாட்டும்போதே ஒரு முள் கோணிவிட்டது, இன்னொரு முறை கழற்றினால் ஒடிந்தே போகும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நாள் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வெற்றிலை போட்டுக்கொண்டே கிழமையைத் திருகி வெள்ளியில் நிறுத்தினீர்கள்.

"நாள் முன்னால போகுது, வாட்சு பின்னால போகுது. மடவார் வளாகத்துக் கோயில்ல ஒருத்தர் வலமா, ஒருத்தர் இடமாச் சுத்துனா எங்ஙனயாவது எதிர்ல பாத்துத்தான ஆகணும்? வாரத்துக்கு ஒரு நாள் சரியாக் காட்டும். அது வெள்ளியா இருந்தாப் போதும். மத்த நாள்ல எனக்கு என்ன சோலி?"

வெள்ளிதான் உங்கள் மகன் போன் பண்ணுகிற நாள். அங்கே அவர்களுக்கு வாராந்திர லீவு. சாயங்காலம் காதர் அண்ணன் கடைக்குத்தான் போன் வரும். நீங்கள் மத்தியானமே சட்டையை மாற்றிவிடுவீர்கள். போன் வந்ததும், "சாப்பிட்டியா? ஒடம்பு நல்லா இருக்கா? இந்தா, வடிவு பேசுதா" என்று ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டுத் தெருவுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுவிடுவீர்கள். ஒரு வாரம் முழுக்கக் காத்திருந்தவர் நீங்கள். அம்புட்டு நேரத்தையும் எனக்கே கொடுத்தீர்கள். அதற்கு நான் என்ன சொல்லி நன்றி சொல்ல?

ஆடிப்பூரத்துக்கு அவர் வந்தார். வந்தது ஞாயிறு. உங்கள் கையில் புதன். பெயரும் காணோம், இங்கிலீஷும் காணோம்.

"எவளாவது ஒரிஜினல் வாட்சப் போயி சொரண்டுவாளா?" என்று என் மேல் பாய்ந்தார். டூப்ளிகேட் என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது.

நீங்கள் குறுக்கே வந்தீர்கள். "நாந்தாம்ல சொன்னேன். எனக்கு இங்கிலீஷ்ல கெழம வாசிக்க வரல." எத்தனையோ வருஷம் பட்டாளத்தில் இங்கிலீஷ் உத்தரவு வாசித்தவர் சொல்கிற பேச்சா இது! "கெழம தப்பாருந்தா என்ன? வெள்ளி சரியாக் காட்டும். நீ பேசுத நாளு."

அவர் உங்கள் கையைப் பிடித்து வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த லீவில் பிளவக்கல் அணைக்குப் போனபோதுகூட, நீங்கள் கை நீட்டுகிற போதெல்லாம் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது சேதிக்கு வருகிறேன். போன மாதம் பீரோவை ஒழுங்கு செய்யும்போது உங்கள் மகன் வாட்சை எடுத்து, "இதுக்குப் புதுச் சக்கரம் மதுரையில கிடைக்கும், மாத்திரு" என்றார். அப்போதுதான் வாயைத் திறந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கடையில் நடந்தது, பஸ்ஸில் நீங்கள் சொன்னது, எல்லாம். அவர் வாட்சைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"டூப்ளிகேட்டுன்னு எனக்குத் தெரியாதாக்கும்? தெரிஞ்சுதான் வாங்குனேன். அனுப்பும்போது நான் ஒரிஜினல்னா சொன்னேன்? அப்பாவா ஊரெல்லாம் சொல்லிட்டாக. பொறவு எப்படி இல்லங்கது?"

"அப்ப அன்னைக்கு எம் மேல பாஞ்சது?"

"பாயாட்டி அப்பாவுக்குச் சந்தேகம் வந்துரும்லா!"

கேட்டீர்களா மாமா? உங்கள் மகன் உங்களுக்காக நடித்தார். நீங்கள் உங்கள் மகனுக்காக நடித்தீர்கள். நடுவில் நான் ஒருத்திதான் நிஜமாகவே நடுங்கிக்கொண்டு நின்றேன். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே வாட்சை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதார். நல்ல அப்பாவுக்குப் பிறந்த நல்ல பிள்ளை. அவரோடு என்னை வாழ வைத்திருக்கிறீர்கள்.

என் கோட்டி வேலை இன்னும் நிற்கவில்லை. தெரிந்தவர்கள் பழைய வாட்சைக் கொடுத்துத் தமிழில் கிழமை எழுதித் தரச் சொல்கிறார்கள். ஆசைக்குச் செய்து கொடுக்கிறேன். இப்போது இடமாக எழுதுகிறேன், ஒன்றுகூடத் தப்பாது. உங்கள் சக்கரத்தையும் ஒரு மணி நேரத்தில் சரி செய்துவிடுவேன், முள்ளும் ஒடியாது.

செய்ய மாட்டேன், மாமா. என் கை இருக்கிறவரை அந்தச் சக்கரத்தை வேறு யாரும் தொடவும் விட மாட்டேன். பாட்டரி எப்போது தீர்ந்தாலும் வெள்ளி வரைக்கும் காத்திருந்துதான் போடுவேன். உங்கள் மகன் இப்போது அதைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார், மணி கேட்காதவர்களுக்கும் மணி சொல்லிக்கொண்டு. நாளைக்கு அது வியாழன் என்று பொய் சொல்லும். இன்றைக்கு வெள்ளி என்கிறது, வெள்ளிதான். வெள்ளி சாயங்காலம் ஆனாலே சட்டையை மாற்றிக்கொண்டு என்னிடம் வந்து, "வா, காதர் அண்ணன் கடை வரைக்கும் போயிட்டு வருவோம்" என்கிறார். எதற்கு என்று நான் கேட்பதில்லை.

நீங்கள் கெடுக்கச் சொல்லி, கெடுத்தும் உங்களிடம் ஒரு சொல் வாங்காத மருமகள்,
வடிவு