முழங்காலுக்கு என்று சொன்ன மாத்திரை

வீட்டுக்காரருக்கு,

பேச வாயெடுத்தால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

டாக்டரம்மா அன்று நிதானமாகத்தான் விளக்கினார். "மாதவிடாய் நின்ன பிறகு யோனியோட உள்தோல் மெலிஞ்சிடும்மா. அதான் எரிச்சல். புது செல்லுங்க வளர்ந்து முதிர வைட்டமின் டி உதவலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க. உங்களுக்கு அது ரொம்பக் குறைவா இருக்கு, சாப்பிட்டுப் பார்ப்போம்." அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் நீங்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டீர்கள். அங்கே என்ன நாறியது?

வீட்டுக்கு வந்ததும், மாத்திரை முழங்கால் வலிக்கு என்று உங்கள் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டீர்கள். அன்றிலிருந்து உங்கள் ஆட்களைப் பார்த்தாலே நான் நொண்ட வேண்டியிருக்கிறது. உங்கள் தம்பி வீட்டு மாடிப்படியில், "மெதுவா ஏறும்மா" என்று எல்லார் முன்னாலும் என் கையைத் தாங்கிப் பிடித்தீர்களே, நானும் ஒவ்வொரு படியாக நொண்டி ஏறினேன்.

நேற்று உங்கள் தங்கை தைலத்தோடு வந்து, என் காலைத் தேய்த்துவிட உட்கார்ந்தாள். பொறுக்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"எனக்கும் அங்கதான் எரியுது அண்ணி. வீட்டுல வயித்துப் புண்ணுன்னு சொல்லி வச்சிட்டேன். ரெண்டு வருஷமா காரமே இல்லாமச் சாப்பிடுறேன்."

நாளைக்கு அவளையும் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போகிறேன். காரை நீங்கள்தான் ஓட்ட வேண்டும். துவைத்த கைக்குட்டை அலமாரியில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முழங்காலும் நன்றாக இருக்கிற,
உங்கள் மனைவி