மாமாவின் இரண்டு படங்கள்

மாமா,

அடுப்படியிலிருந்து உளுந்து ஊறுகிற வாசனை வருகிறது. நாளை உங்கள் கருமாதி. கரண்ட் இல்லை. போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தெருவில் நாய் குரைத்தால் அணைத்துவிடுகிறேன்.

வடை என்றால் உங்களுக்கு உயிர். பட்டாளத்தில், தெற்கு மலைகளில் கிடந்த காலமெல்லாம் கனவில் வடைதான் வந்தது என்பீர்கள். தோளில் குண்டு பட்டுத் திரும்பிய பிறகு அந்தக் காலத்தைப் பற்றி நீங்கள் சொன்னது அது ஒன்றுதான்.

பிறகு தேர்தலில் நின்றீர்கள். நம் ஊர் தின்கன்ஜூன் சந்தையில் நீங்கள் விறைத்துக்கொண்டு பேசியதைப் பார்த்து அம்மா, "ஓட்டு கேக்குறியா தம்பி, பரேடு எடுக்குறியா?" என்று சிரித்தாள். அவள் கையைப் பிடித்தபடி நானும் நின்றிருந்தேன். மீன் விற்கிற அக்கா சிரிக்கவில்லை. "பட்டாளத்துல சுட்டவனுக்கா ஓட்டு?" என்று கத்தினாள். நீங்கள் நேராக அவளிடம் போனீர்கள்.

"ஆமாக்கா, சுட்டவன்தான். அதனாலதான் இனி யாரும் சுடக்கூடாதுன்னு கேக்குறேன்."

அவள் மீன் கூடையை ஓரமாகத் தள்ளி வழிவிட்டாள். அப்புறம், "வெயில்ல நிக்காத, உள்ள வா" என்றாள்.

ஜெயித்தீர்கள். பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது. சில வருஷம் ஒளிந்திருந்தீர்கள். கடைசியில் உங்களோடு பட்டாளத்தில் இருந்தவர்களே வந்து கூட்டிப்போனார்கள். உடம்பு மட்டும் வீட்டுக்கு வந்தது.

சாயங்காலம் வீட்டில் சண்டை. படையலுக்குப் படம் வேண்டும். இருப்பதோ இரண்டு. ஒன்று பட்டாள உடுப்பில், ஒன்று தேர்தல் மேடையில்.

"உடுப்புப் படத்தை வச்சா தெருக்காரங்க காறித் துப்புவாங்க. மேடைப் படத்தை வச்சா பட்டாளத்துக்காரங்க வந்துருவாங்க. ரெண்டையும் எரிச்சுடு" என்றார் அப்பா.

"படம் இல்லாம படைச்சா என் தம்பி எங்க வந்து உக்காருவான்?"

அப்பா எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே இரண்டு படங்களையும் என்னிடம் கொடுத்தாள். "அடுப்புல போடு. யாரும் கேட்டா மாமாவே இல்லன்னு சொல்லு."

நான் போடவில்லை, மாமா. அடுப்பில் எரிந்தது பழைய செய்தித்தாள். படங்கள் என் பள்ளிக்கூடச் சீருடையான பச்சைக் கைலியின் மடிப்புக்குள் இருக்கின்றன. யாராவது சோதனைக்கு வந்துவிடுவார்களோ என்று தெருச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நாளை வரும்போது சுவரில் உங்கள் முகத்தைத் தேடாதீர்கள். நான்தான் இலை போடுவேன். இரண்டு படங்களையும் இடுப்பில் செருகியிருப்பேன். எனக்குப் பக்கத்திலேயே உட்காருங்கள்.