இரண்டு பேர் சொன்னால்தான் பெயர்

என் வாயாடி நிவிக்கு,

வைவா முடிந்துவிட்டது. நீ கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும் என்பதால் அதையே முதலில் சொல்லிவிட்டேன். லேப்பில் உன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னல் வழியாக மாலை வெயில் உன் கீபோர்டின் மேல் விழுந்திருக்கிறது. மின்விசிறிக் காற்றில் திரைச்சீலை அசையும்போதெல்லாம் வெளிச்சமும் தண்ணீர் மாதிரி ஆடுகிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் நீ டீ குடிக்கப் போயிருக்கிறாய், இதோ வந்துவிடுவாய் என்றுதான் தோன்றுகிறது.

ஒரு காய்ச்சல். அதற்குப் போய் யாராவது செத்துப்போவார்களா, நிவி? "செகண்ட் ரவுண்டுக்கு நாம சேந்தே போவோம்டி, நீ பாட்டுக்குத் தனியாக் கெளம்பிராத" என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னவள் நீதானே. எனக்கு உன் மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

நம் ப்ராஜெக்ட் என்னவென்று யாராவது கேட்டால் நான் திணறுவேன். நீ முந்திக்கொள்வாய். "எங்க ஜெகதாப்பட்டினம் துறைமுகத்துல நான் எடுத்த போட்டோ இருக்கு. அதுல இருக்கிறதெல்லாம் எதுக்குள்ள எது அடங்கும்னு இவ கம்ப்யூட்டருக்கு ஒரு மரம் போட்டுக் குடுப்பா. அதுக்குப் பேரு ஆன்டாலஜி. அதே போட்டோவுக்கு எங்க ஊரு சனம் தனக்குத் தோணுன பேர வைக்கும். அது டேக். சனம் வச்ச பேருக்கெல்லாம் இவ மரத்துல எடம் இருக்கான்னு பாக்குறோம், அம்புட்டுத்தான்." மரம் என் பாதி, டேக் உன் பாதி. கந்தர்வகோட்டை முந்திரிக்காட்டுக்காரி கடலுக்கு வகை பிரிக்கிறாள் என்று எவ்வளவு கிண்டல் செய்திருப்பாய்! நான் கணவாயை மீன் வகைக்கு வெளியே வைத்தபோது நீ அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

உன் பாதிக்கு நீயே ஒரு விதி வைத்தாய். ஒரு படத்துக்கு ஒரு டேக்கை ஒரே ஓர் ஆள் மட்டும் போட்டிருந்தால் அது சேராது. "ஒருத்தர் சொன்னா அது அவங்க நெனப்புடி. ரெண்டு பேரு சொன்னாத்தான் பேரு." ஒருவர் போட்டது இன்னொருவர் கண்ணில் படாதபடி வலைப்பக்கத்தை அமைத்ததும் நீதான். பிறகு சோதனைக்காக நீயே முதல் ஆளாக உட்கார்ந்து டேக் போட்டாய். ஐஸ்கட்டிப் படத்துக்கு 'அண்ணன் கல்யாணம்'. சிவப்பு வலைக்கு 'பேச்சு நின்ன சித்தப்பா'. ஆளில்லாத படகுத்துறைக்கு 'அப்பா வர்ற தெச'. இதெல்லாம் டேக்காடி என்று நான் கத்தினேன். "தேடுறப்ப எனக்கு இப்படித்தான்டி ஞாபகம் வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாய்.

நீ போன பிறகு அந்த டேக்குகள்தான் என்னைப் பாடாய்ப் படுத்தின. நீ எழுதிய நிரலை ஓட்டினால் அத்தனையும் நீங்கிவிடும், ஏனென்றால் அவற்றைப் போட்டவள் நீ ஒருத்திதான். விதியைக் கொஞ்சம் தளர்த்தலாமா என்று கைடு சாரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அது நிவேதா வச்ச விதிம்மா. நீங்க மாத்திட்டா அப்பறம் அது அவங்க ஆராய்ச்சியா?" என்றார். நான் என் கணக்கில் நுழைந்து உன் டேக்குகளையே போட்டால் இரண்டு பேர் ஆகிவிடும், யாருக்கும் தெரியாது. விரல் கீபோர்டு வரை போனது. "லூசு, டேட்டாவுல கைய வைக்கிறியா?" என்று நீ அதட்டியது போலிருந்தது. கையை எடுத்துவிட்டேன். மிச்சமிருந்தது ஊர்க்காரர்களைக் கொண்டு டேக் போடவைக்கும் இரண்டாவது சுற்று ஒன்றுதான். உங்கள் ஊரில் யாராவது ஒருவர், யாரும் சொல்லாமல், உன்னுடையதில் ஒன்றையாவது போட்டுவிட மாட்டார்களா என்கிற நப்பாசையில் தனியாகக் கிளம்பினேன்.

ஆவுடையார்கோவில் தாண்டியதும் பஸ்ஸில் கண் அசந்துவிட்டேன். நீ வந்தாய். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே ஓடுகிற ஒவ்வொன்றுக்கும் சத்தமாக டேக் போட்டுக்கொண்டு வந்தாய். பனைமரத்துக்கு, உப்புக்காற்றுக்கு, ரோட்டை மறித்து நின்ற ஆடுகளுக்கு. எதுவும் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை, ஆனாலும் எல்லாம் பொருத்தமாகவே இருந்தது. எனக்கு என்ன டேக் என்று கேட்டேன். சிரித்தாய். அதற்குள் கண்டக்டர் எழுப்பிவிட்டார். எழுப்பாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாயா?

உன் அம்மா வாசலில் நின்றார்கள். "வாத்தா. ஒத்தையிலயா வந்த?" என்று கேட்டுவிட்டு, கேட்டது அவர்களுக்கே உறைத்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். நானும் அழுதேன். அப்புறம் நண்டுக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார்கள். போனை நீட்டி, படத்தைப் பார்த்துத் தோன்றுவதைச் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும் என்றேன். "மத்தவுக காதுல விழக்கூடாதுன்னு நிவி சொல்லுமே" என்று போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்கள். உன் அண்ணி தனியாகப் போட்டார். ஐஸ் பிளான்ட்டில் வேலை செய்பவர்கள், ஏலம் எடுக்க வந்த அக்காமார்கள் என்று ஒவ்வொருவராகப் போட்டார்கள். படகு கரை சேர்ந்ததும் உன் அப்பா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். "அங்கிட்டுப் போயி ஒக்காந்து சொல்லவா?" என்று கேட்டுவிட்டுப் போய், வெகுநேரம் திரும்பவில்லை. நான் எதையும் திறந்து பார்க்கவில்லை. உன் விதியை அந்த அளவுக்காவது காப்பாற்றினேன்.

மறுநாள் இதே இடத்தில், சார் பக்கத்தில் நிற்க, நிரலை ஓட்டினேன். உன் டேக்குகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அண்ணன் கல்யாணம் போனது, சித்தப்பா போனார், அப்பா வரும் திசையும் போனது. நான் முகத்தை மூடிக்கொண்டேன். "நிவே... கௌசல்யா, இங்க பாரும்மா" என்று சார் குரல் தடுமாறியது. திரையில் எல்லாவற்றுக்கும் மேலே, அதிகம் பேர் போட்ட டேக்காக ஒன்று நின்றது: 'நிவி எடுத்தது'.

பாறை மீனுக்கும் அதுதான். வலைக்கும், ஐஸ்கட்டிக்கும், படகுத்துறைக்கும் அதுதான். ஒருவர் 'நிவி பாப்பா எடுத்த படம்' என்றிருந்தார், இன்னொருவர் 'நம்ம நிவேதா எடுத்தது'. ஒரே பொருளை மாற்றி மாற்றிச் சொன்னதையெல்லாம் உன் நிரலே ஒன்றாகச் சேர்த்திருந்தது. உன் அம்மா ஒரு படம் விடாமல் அதை மட்டுமே சொல்லியிருந்தார்கள். யாரும் யாரையும் கேட்டுச் சொல்லவில்லை, நிவி.

அதனால் என் பாதி அடி வாங்கியது. அவ்வளவு பேர் சொன்ன பெயருக்கு என் மரத்தில் ஒரு கிளைகூட இல்லை. மதிப்பீட்டில் அதை அப்படியே எழுதினேன். இன்று வைவாவுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அந்தப் பக்கத்தில் பேனாவை வைத்தார்.

"இது மீனோட பேரும் இல்ல, எடத்தோட பேரும் இல்ல. இத நீக்கிட்டா உங்க ஆன்டாலஜிக்கு நல்ல மார்க் வருமேம்மா. ஏன் விட்டு வச்சீங்க?"

"நீக்க முடியாது சார். ரெண்டு பேருக்கு மேல சொல்லிட்டாங்க."

அவர் மறுபடி படங்களைப் புரட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நிவி யாரும்மா?"

எதுக்குள்ள எது அடங்கும் என்று இரண்டு வருஷமாகப் படித்தவள் நான். தோழி என்று சொன்னால் போதவில்லை, இறந்துபோனவள் என்று சொல்ல நாக்கு வரவில்லை. "எனக்கு இன்னும் வகை பிரிக்கத் தெரியல சார்" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

மரத்தை நான் விடப்போவதில்லை. அடுத்து எங்கே படித்தாலும், அந்தப் பெயருக்கு ஓர் இடம் கிடைக்கும்வரை அதைத் திருப்பித் திருப்பிப் போடுவேன். கிடைக்காவிட்டாலும் பெயரை எடுக்க மாட்டேன். இது சத்தியம்டி.

ஜெகதாப்பட்டினத்து வீட்டில் உனக்குப் பிறகு சோறு கேட்டுச் சாப்பிடுகிறவள்,
நீ ஒத்துக்கொள்ளாவிட்டாலும் உனக்கு அக்கா,
கௌசி